தொகுதி எல்லையில் சூது: வடிவத்தைப் பார்ப்பதா, கணக்கைப் பார்ப்பதா?

#1 நிலவன்

வணக்கம் நண்பர்களே. ஆட்சியில் இருப்பவர்கள் தேர்தல் தொகுதிகளின் எல்லையைத் தங்களுக்கு வாகாக வரைந்துகொள்வதை, அதாவது ஜெர்ரிமாண்டரிங்கை, விளக்கி ஒரு கட்டுரை எழுதுகிறேன். இணையத்தில் தேடினால் நெளிந்து வளைந்த அமெரிக்கத் தொகுதிப் படங்கள்தான் வந்து குவிகின்றன. அப்படியானால் "தொகுதிகள் கச்சிதமான வடிவத்தில் இருக்க வேண்டும்" என்று ஒரு சட்டம் போட்டாலே பிரச்சினை தீர்ந்துவிடுமா? ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்தால் அதில் சூது இருக்கிறதா என்று சொல்ல உறுதியான வழி என்ன? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

#2 எல்லைக்கோடு

வடிவத்தை நம்பி எழுதிவிடாதீர்கள் நிலவன். பார்க்க அசிங்கமாக இருக்கும் தொகுதி நியாயமான காரணத்துக்காக வரையப்பட்டிருக்கலாம். பார்க்க அழகாக இருப்பது முழு மோசடியாக இருக்கலாம். இரண்டுக்கும் அமெரிக்காவிலேயே உதாரணம் உண்டு.

இல்லினாய் மாநிலத்தின் பழைய 4வது தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் ஹிஸ்பானியர்கள் (ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்) செறிந்து வாழும் இரண்டு பகுதிகளை, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மெல்லிய கீற்று இணைத்தது. நடுவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருக்கும் இன்னொரு தொகுதி. அதைக் கலைக்காமல் ஹிஸ்பானியர்களுக்கும் ஒரு பிரதிநிதி கிடைக்கட்டும் என்றுதான் அப்படி வரைந்தார்கள். 1991இல் மத்திய நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட வரைபடம் அது. வெறும் படத்தைப் போட்டு "பாருங்கள் மோசடி" என்று எழுதினால் தவறான ஆளைக் குற்றம் சொன்னதாகிவிடும்.

இதற்கு நேர் எதிர் பென்சில்வேனியா. 2011இல் குடியரசுக் கட்சி வரைந்த வரைபடத்தில் 7வது தொகுதி ஓரிடத்தில் ஒரு உணவகக் கட்டடத்தின் அகலத்துக்குச் சுருங்கியது. 2012 தேர்தலில் மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சிக்கே சற்று அதிக வாக்கு. ஆனால் 18 இடங்களில் 13 குடியரசுக் கட்சிக்குப் போயின. 2018 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வரைபடத்தை ரத்து செய்தது. அடுத்து நடந்ததைத்தான் உங்கள் கட்டுரையில் கட்டாயம் சேர்க்க வேண்டும். சட்டமன்றத் தலைவர்கள் பிப்ரவரியில் ஒரு மாற்று வரைபடம் கொடுத்தார்கள். வடிவத்தில் மிக நேர்த்தி, நெளிவே இல்லை. ஆனால் உள்ளே பழைய சாய்வு அப்படியே இருந்தது. ஆளுநர் ஏற்க மறுத்தார். கடைசியில் நீதிமன்றமே வரைந்த வரைபடத்தில் 2018 நவம்பர் தேர்தல் நடந்தபோது முடிவு 9க்கு 9.

கச்சிதத்தை அளக்க சூத்திரங்கள் உண்டு. பரவலாகப் பயன்படுவது போல்ஸ்பி-பாப்பர் அளவு: 4 × பை × பரப்பளவு, அதைச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். வட்டத்துக்கு 1 வரும், நெளிவு கூடக்கூடச் சுழியை நோக்கி இறங்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. கடற்கரையோ ஆறோ எல்லையாக இருந்தால் வரைபடத்தின் துல்லியத்தைப் பொறுத்துச் சுற்றளவு மாறிவிடும். ஒரே தொகுதி, பெரிய அளவு வரைபடத்தில் ஒரு மதிப்பு, சிறிய அளவு வரைபடத்தில் வேறு மதிப்பு. எனவே இரண்டு வரைபடங்களை ஒப்பிடும்போது ஒரே மூலக் கோப்பிலிருந்து அளந்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

#3 மீனா_கணக்கு

எல்லைக்கோடு சொன்னதற்கு மேல் நான் எண்களை வைக்கிறேன். இதைக் கட்டுரையில் அப்படியே போட்டால் வாசகருக்குப் புரியும்.

ஐந்து தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 100 வாக்காளர். மொத்தம் 500. நீலக் கட்சிக்கு 200 பேர், பச்சைக் கட்சிக்கு 300 பேர். நீலக் கட்சியின் கையில் எழுதுகோல் இருக்கிறது. அவர்கள் இப்படி வரைகிறார்கள்: முதல் மூன்று தொகுதிகளில் நீலம் 55, பச்சை 45. நான்காவதில் நீலம் 17, பச்சை 83. ஐந்தாவதில் நீலம் 18, பச்சை 82. கூட்டிப் பாருங்கள், 200க்கு 300 சரியாக வரும். வாக்கில் 40 சதவீதம் வைத்திருக்கும் கட்சி ஐந்தில் மூன்று இடங்களைப் பிடித்துவிட்டது.

கடைசி இரண்டு தொகுதிகளில் செய்ததற்கு பேக்கிங் என்று பெயர். எதிராளியின் ஆதரவாளர்களை ஒரே இடத்தில் திணித்து, வெற்றிக்குத் தேவையானதற்கு மேல் வாக்குகளைக் குவிய விடுவது. முதல் மூன்றில் செய்தது கிராக்கிங். மிச்சம் உள்ளவர்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்த இடத்திலும் பாதியைத் தொட விடாமல் செய்வது. எந்த நாட்டில் யார் செய்தாலும் அடிப்படை இந்த இரண்டும்தான்.

வீணான வாக்குகளை எண்ணுவோம். தோற்ற இடத்தில் விழுந்த எல்லா வாக்கும் வீண். ஜெயித்த இடத்தில் 50க்கு மேல் விழுந்ததும் வீண். நீலத்துக்கு 5+5+5+17+18 = 50. பச்சைக்கு 45+45+45+33+32 = 200. வித்தியாசம் 150, அதை 500ஆல் வகுத்தால் 30 சதவீதம். எஃபிஷியன்ஸி கேப் என்று நீதிமன்றங்களில் அடிபட்ட அளவு இதுதான். சட்டப் பேராசிரியர் ஸ்டெஃபனோபுலஸ், அரசியல் ஆய்வாளர் மெக்கீ இருவரும் முன்வைத்தது. மாநிலச் சட்டமன்றத்துக்கு 8 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகப்படலாம் என்பது அவர்கள் யோசனை.

இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. நீலத்தின் தொகுதிவாரி வாக்குகளை வரிசைப்படுத்துங்கள்: 17, 18, 55, 55, 55. சராசரி 40. நடு எண் 55. நடு எண் சராசரியை விட 15 புள்ளி மேலே நிற்கிறது. ஒரு கட்சிக்கு இந்த இடைவெளி பெரிதாகவும் தேர்தலுக்குத் தேர்தல் ஒரே பக்கமாகவும் இருந்தால் வரைபடம் அந்தக் கட்சிக்குச் சாய்கிறது என்று பொருள். காகிதமும் பென்சிலும் போதும்.

#4 சேரலாதன்

மீனா, ஒரு மறுப்பு. வாக்கு விகிதமும் இட விகிதமும் பொருந்தவில்லை என்றாலே எல்லையில் சூது என்று ஆகிவிடுமா? ஒரு தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி என்ற முறையில் விகிதம் பொருந்தாமல் போவது இயல்புதானே. நியாயமாக வரைந்தாலும் இது நடக்கும்.

#5 மீனா_கணக்கு

சரியான மறுப்பு. நான் சொன்ன அளவுகள் சாய்வு இருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். சாய்வு எங்கிருந்து வந்தது என்று சொல்லாது.

மாசசூசெட்ஸில் குடியரசுக் கட்சிக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாக்கு உண்டு. ஆனால் பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்தின் 9 இடங்களில் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. மோசடி என்று தோன்றும். அவர்கள் வாக்கு மாநிலம் முழுவதும் ஒரே சீராகப் பரவிக் கிடப்பதுதான் பெரிய காரணம். சில தேர்தல்களின் வாக்குச்சாவடித் தரவை வைத்துக் கணிதவியலாளர்கள் ஆராய்ந்தபோது, எப்படி வரைந்தாலும் ஒரு குடியரசுத் தொகுதியைக்கூட உருவாக்க முடியாது என்று நிறுவினார்கள். மறுபக்கம், ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் பெருநகரங்களில் நெருக்கமாக வாழ்வதால் யாரும் திணிக்காமலே பேக்கிங் ஆகிவிடுகிறது.

ஆகவே "விகிதம் பொருந்துகிறதா" என்று கேட்கக் கூடாது. அதே ஊர்களை, அதே மக்களை, அதே சட்ட விதிகளை வைத்துக்கொண்டு, கட்சி பார்க்காமல் வரைந்தால் எத்தனை இடம் வந்திருக்கும் என்று கேட்க வேண்டும். அந்த எண்ணிலிருந்து கையில் உள்ள வரைபடம் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதுதான் சூதின் அளவு. அதைச் செய்யும் முறையைத் தமிழரசி எழுதினால் நன்றாக இருக்கும்.

#6 தமிழரசி_ஜிஐஎஸ்

எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

ஒரு மாநிலத்தின் வாக்குச்சாவடிப் பகுதிகள், அதாவது பிரீசிங்ட்டுகள், ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லையைப் பகிரும் இரண்டு பகுதிகளை ஒரு கோட்டால் இணையுங்கள். மாநிலமே ஒரு வலையாகிவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு தகவல் வேண்டும்: மக்கள்தொகை, ஒவ்வொரு கட்சியும் வாங்கிய வாக்கு. இந்த வலையைத் தொகுதிகளாக வெட்டுவதுதான் வேலை.

வெட்டுவதற்கு இப்போது அதிகம் பயன்படும் முறை ரீகாம். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தொகுதிகளைக் குலுக்கலில் எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். கலந்த பகுதிக்குள் எல்லாப் புள்ளிகளையும் சுழற்சியே இல்லாமல் இணைக்கும் ஒரு மரத்தைத் தற்செயலாக வரைய வேண்டும். அந்த மரத்தில் எந்தக் கிளையை வெட்டினால் இரண்டு பக்கமும் மக்கள்தொகை சமமாக வருமோ அங்கே வெட்ட வேண்டும். சமம் என்றால் ஆய்வுக்கு 1 அல்லது 2 சதவீத இடைவெளி வரை விடுவது வழக்கம். வெட்டு கிடைக்கவில்லை என்றால் வேறு மரம். இதையே ஆயிரக்கணக்கான முறை ஓட்டினால் ஆயிரக்கணக்கான வரைபடங்கள் கிடைக்கும். எதிலும் கட்சித் தகவல் நுழைந்திருக்காது. பிறகுதான் ஒவ்வொன்றிலும் பழைய தேர்தல் வாக்கைப் போட்டு யாருக்கு எத்தனை இடம் என்று எண்ணுவோம். ஜெர்ரிசெயின் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது, பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் போதும்.

வட கரோலினாவின் 2016 வரைபடத்தை எதிர்த்த வழக்கில் இதே மாதிரியான தொகுப்பு ஆய்வுதான் சாட்சியமாக வந்தது (வரைபடங்களை உண்டாக்கிய முறை மட்டும் வேறு). டியூக் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ஜோனதன் மேட்டிங்லி குழு 24,000க்கும் மேற்பட்ட வரைபடங்களை உருவாக்கியது. சட்டமன்றம் வரைந்ததில் 13இல் 10 இடம் குடியரசுக் கட்சிக்கு. கணினி வரைந்தவற்றில் அந்த முடிவைத் தந்தவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

எங்கெல்லாம் சொதப்பும் என்பதுதான் முக்கியம். முதலாவது, ஷேப்ஃபைல், அதாவது எல்லைகளைப் பதிந்துவைத்திருக்கும் வரைபடக் கோப்பு. மாவட்டங்கள் தனித்தனியாக வரைந்த கோப்புகளை ஒட்டும்போது நடுவே முடி அளவு இடைவெளி இருக்கும், அல்லது ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மென்பொருள் அந்த இரண்டு பகுதிகளும் தொடவில்லை என்று எடுத்துக்கொள்ளும், வலையில் ஓட்டை விழும். வெட்டத் தொடங்கும் முன் இடைவெளியையும் மேலேற்றத்தையும் சரிசெய்து, வலை முழுவதும் ஒரே துண்டாக இருக்கிறதா என்று சோதியுங்கள். இரண்டாவது, தீவுகள். பாலமோ படகுப் போக்குவரத்தோ இருந்தால் இணைப்பைக் கையால் சேர்க்க வேண்டும். மூன்றாவது, முனையில் மட்டும் தொடுவதை இணைப்பாக எண்ணாதீர்கள். எண்ணினால் ஒரு புள்ளியில் மட்டும் ஒட்டிக்கொண்ட தொகுதிகள் வரும், பெரும்பாலான இடங்களில் அதைத் தொடர்ச்சி என்று ஏற்க மாட்டார்கள்.

நான்காவது, நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு பிடிப்பது. அந்த மாநில விதி "மாவட்டங்களை முடிந்தவரை பிரிக்காதே" என்று சொன்னால் கணினிக்கும் அதே விதியைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால், "நாங்கள் மாவட்டத்தைக் காப்பாற்ற வரைந்தோம், உங்கள் கணினி அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை" என்று சொல்லி மொத்த ஆய்வையும் தள்ளிவிடுவார்கள்.

#7 நிலவன்

மிக்க நன்றி. எந்தத் தேர்தலின் வாக்கைப் போட வேண்டும்? கடைசியாக நடந்த சட்டமன்றத் தேர்தலையா?

#8 தமிழரசி_ஜிஐஎஸ்

வேண்டாம். தொகுதித் தேர்தலின் வாக்கை அப்படியே போட்டால் ஏமாந்துவிடுவோம். பல தொகுதிகளில் ஒரு கட்சி வேட்பாளரே நிறுத்தியிருக்காது. அங்கே அந்தக் கட்சிக்குச் சுழி வாக்கு என்று கோப்பு சொல்லும், உண்மை அதுவல்ல. விஸ்கான்சினில் 2018இல் ஜனநாயகக் கட்சிக்கு மாநிலச் சட்டமன்ற வாக்கில் சுமார் 53 சதவீதம், 99இல் 36 இடம் என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தச் சதவீதத்திலேயே போட்டியில்லாத் தொகுதிகளின் பாதிப்பு கலந்திருக்கிறது. சாய்வு இருப்பது உண்மைதான், ஆனால் அந்த ஒற்றை எண்ணை வைத்து வாதாடினால் எதிராளி எளிதில் உடைத்துவிடுவார்.

மாநிலம் முழுவதும் ஒரே வேட்பாளர்கள் நின்ற தேர்தல்களை எடுங்கள்: அதிபர், ஆளுநர், செனட்டர், மாநில அட்டர்னி ஜெனரல். ஒன்றோடு நிறுத்தாமல் நான்கைந்தைப் போடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் முடிவு நிற்கும்.

இன்னொரு தொல்லை: தபால் வாக்கையும் முன்கூட்டிய வாக்கையும் சில மாவட்டங்களில் வாக்குச்சாவடிவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக அறிவிப்பார்கள். அதைச் சாவடிகளுக்குப் பங்கிட வேண்டும். தேர்தல் நாளில் ஒவ்வொரு சாவடியும் கொடுத்த விகிதப்படி, கட்சி கட்சியாகப் பங்கிடுவது வழக்கம். என்ன முறையில் பங்கிட்டோம் என்று எழுதி வைக்காமல் விட்டால் அடுத்தவர் சரிபார்க்க முடியாது.

மக்கள்தொகைக்கு சென்சஸ் பிளாக் தரவு, அதாவது கணக்கெடுப்பு பயன்படுத்தும் மிகச் சிறிய நிலப்பகுதியின் தரவு. 2020 கணக்கெடுப்பில் தனிநபர் அந்தரங்கத்தைக் காக்க பிளாக் அளவு எண்களில் வேண்டுமென்றே சிறு பிழையைக் கலந்திருக்கிறார்கள். மாநில மொத்தம் சரியாக இருக்கும், ஒற்றைப் பிளாக்கை நம்ப முடியாது.

#9 குறிஞ்சி

தரவு பற்றிப் பேசுவதால் ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்கக் கணக்கெடுப்பு கைதிகளை அவர்கள் ஊரில் எண்ணாது, சிறை இருக்கும் இடத்தில் எண்ணும். பெரும்பாலான மாநிலங்களில் அவர்களுக்கு வாக்கு கிடையாது. விளைவாக, சிறை இருக்கும் தொகுதியில் உள்ள சில வாக்காளர்களின் கை ஓங்கிவிடுகிறது. அயோவாவில் அனமோசா என்ற சிற்றூரின் ஒரு வார்டில் கணக்கில் வந்தவர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கைதிகள். 2005 நகரமன்றத் தேர்தலில் அங்கே ஒருவர் மொத்தம் இரண்டே வாக்கு வாங்கி ஜெயித்தார். இதற்கு எல்லையை வளைக்கவே தேவையில்லை. நியூயார்க், மேரிலாந்து உள்ளிட்ட மாநிலங்கள் கைதிகளைச் சொந்த முகவரிக்கு மாற்றி எண்ணச் சட்டம் போட்டிருக்கின்றன.

#10 வழக்கறிஞர்_வாசு

சட்டப் பக்கத்தை நான் எழுதுகிறேன். மக்கள்தொகைச் சமநிலையும் கட்சிச் சூதும் வெவ்வேறு என்பதைக் கட்டுரையில் தெளிவாகப் பிரியுங்கள்.

டென்னசி 1901க்குப் பிறகு அறுபது ஆண்டுகள் சட்டமன்றத் தொகுதிகளை மாற்றவே இல்லை. நகரங்கள் வீங்கின, கிராமத் தொகுதிகள் சுருங்கின. 1962இல் பேக்கர் எதிர் கார் தீர்ப்பு இதை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றது, 1964இல் ரேனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் தீர்ப்பு "ஒருவருக்கு ஒரு வாக்கு" என்ற அளவுகோலை மாநிலச் சட்டமன்றங்களுக்கு நிறுவியது. 1983இல் கார்ச்சர் எதிர் டாகெட் வழக்கில் நியூ ஜெர்சியின் நாடாளுமன்றத் தொகுதி வரைபடத்தை, பெரிய தொகுதிக்கும் சிறிய தொகுதிக்கும் இடையே 0.7 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம் இருந்ததற்கே, தள்ளிவிட்டார்கள். மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை, பொதுவாக 10 சதவீதம் வரை கேள்வி வராது. கணக்கிடும் முறை: இலக்கு 1,00,000 என்றால், பெரியது 1,04,000, சிறியது 95,500 ஆக இருந்தால் மொத்த விலகல் 8.5 சதவீதம்.

இதனால் ஒரு துயரமான விளைவு. தலைக்கணக்கு கடைசி ஆள் வரை சமமாக வர வேண்டும் என்பதையே சாக்காக வைத்து ஊர்களையும் தெருக்களையும் பிளக்கலாம். எண்ணிக்கை பிசகில்லாமல் பொருந்தியிருக்கும், உள்ளே கிராக்கிங் நடந்திருக்கும். வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில் வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு கறுப்பினப் பல்கலைக்கழக வளாகத்தையே 2016 வரைபடத்தின் எல்லை இரண்டாகப் பிளந்தது.

அந்த மாநிலத்தில் வரைந்தவர்கள் கட்சி லாபத்தை மறைக்கவும் இல்லை. 10க்கு 3 என்ற நிலையைக் காப்பது என்று எழுத்திலேயே விதியாக வைத்தார்கள். அப்படியிருந்தும் 2019 ஜூனில் ரூச்சோ எதிர் காமன் காஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், கட்சிச் சூது ஜனநாயகத்துக்கு ஒவ்வாதது என்று ஒப்புக்கொண்டுகொண்டே, மத்திய நீதிமன்றங்கள் அதில் தலையிட முடியாது என்று கைவிரித்தது. இதை என்னால் சரியான தீர்ப்பாக ஏற்க முடியவில்லை. நிவாரணம் தர வேண்டிய சட்டமன்றமே அந்த வரைபடத்தால் வந்தவர்களால் நிரம்பியிருக்கும்போது, "சட்டமன்றத்திடம் போங்கள்" என்பது கதவைச் சாத்துவதுதான்.

மாநில நீதிமன்றம் ஒரு வழி. அதுவும் நிலையில்லாதது. 2022 பிப்ரவரியில் வட கரோலினா உச்ச நீதிமன்றம் புதிய வரைபடத்தை ரத்து செய்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் 14 இடங்கள் 7க்கு 7 ஆகப் பிரிந்தன. அதே நவம்பரில் நீதிபதிகள் தேர்தலில் நீதிமன்றத்தின் பெரும்பான்மை மாறியது. 2023 ஏப்ரலில் தன் தீர்ப்பையே திருப்பிப் போட்டது. மறுபடி வரைந்தார்கள். 2024 முடிவு 10க்கு 4. மூன்று ஆண்டுக்குள் நடந்தது இது.

#11 சேரலாதன்

அப்படியானால் வரையும் வேலையைக் கட்சிகளிடமிருந்து பிடுங்கிக் கணினியிடம் கொடுத்துவிடலாமே? தமிழரசி சொன்ன அந்த ஆயிரக்கணக்கான வரைபடங்களில் ஒன்றைக் குலுக்கலில் எடுத்தால் போதாதா?

#12 தமிழரசி_ஜிஐஎஸ்

குலுக்கல் வரைபடத்தை அளவுகோலாகப் பயன்படுத்தலாம், தொகுதியாக அப்படியே எடுக்க முடியாது. ஒரு மீனவர் குடியிருப்பையும் அதன் துறைமுகத்தையும் பிரிக்கக் கூடாது என்று கணினிக்குத் தெரியாது. ஒரு சிறுபான்மைச் சமூகம் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு வலு தேவை என்பதும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், விதிகளை யார் எழுதுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. "மாவட்டத்தைப் பிரிக்காதே" என்ற ஒரே விதியை முதலில் வைப்பதா மூன்றாவதாக வைப்பதா என்பதிலேயே ஒன்றிரண்டு இடம் மாறிவிடும்.

#13 எல்லைக்கோடு

ஆணையம்தான் நடைமுறைக்கு ஒத்த வழி. ஆனால் ஆணையம் என்ற பெயர் மட்டும் போதாது, அமைப்பில்தான் எல்லாம் இருக்கிறது.

அயோவாவில் சட்டமன்றத்துக்குப் பணிபுரியும் கட்சிசாரா அலுவலகம் வரைகிறது. பதவியில் இருப்பவர்களின் முகவரி, வாக்காளரின் கட்சிப் பதிவு, பழைய தேர்தல் முடிவு ஆகியவற்றைப் பயன்படுத்தச் சட்டமே தடை செய்கிறது. சட்டமன்றம் முதல் இரண்டு வரைவுகளுக்கு ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லலாம், மூன்றாவதில்தான் கைவைக்கலாம். 2021இல் முதல் வரைவை மேலவை தள்ளியது, இரண்டாவது நிறைவேறியது.

கலிபோர்னியாவில் 14 குடிமக்கள்: ஜனநாயகக் கட்சியினர் 5, குடியரசுக் கட்சியினர் 5, எதிலும் சேராதவர் 4. இறுதி வரைபடத்துக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் குறைந்தது 3 வாக்கு வேண்டும். ஒரு கட்சி தனியாகத் தன் வரைபடத்தை நிறைவேற்றிவிட முடியாது என்பதுதான் இதன் பலம்.

சறுக்கும் இடங்களைப் பாருங்கள். வர்ஜீனியா ஆணையத்தில் 8 சட்டமன்ற உறுப்பினர், 8 குடிமக்கள், இரண்டு கட்சிக்கும் சரிபாதி. முட்டுக்கட்டையை உடைக்க யாருமில்லை. 2021இல் முடங்கியது, நீதிமன்றம் நியமித்த நிபுணர்கள் வரைந்தார்கள். ஒஹாயோவில் பதவியில் இருக்கும் அரசியல்வாதிகளே உறுப்பினர்கள். 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்ப ரத்து செய்தும், அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாத வரைபடத்திலேயே தேர்தல் நடந்தது. மிச்சிகனில் 13 குடிமக்களைக் குலுக்கலில் எடுத்தார்கள், கட்சிச் சாய்வு வெகுவாகக் குறைந்தது. ஆனால் டெட்ராய்ட்டின் கறுப்பின வாக்காளரைப் பல தொகுதிகளுக்குப் பரப்பியதில் இனத்தை முதன்மையாக வைத்து வரைந்ததாகச் சொல்லி, 2023 டிசம்பரில் மத்திய நீதிமன்றம் 13 தொகுதிகளைத் தள்ளியது.

ஆணையத்தைத் தாண்டிப் போகவும் வழி இருக்கிறது. டெக்சாஸ் 2025 ஆகஸ்டில், அடுத்த கணக்கெடுப்புக்குக் காத்திராமல், குடியரசுக் கட்சிக்கு 5 இடம் கூடும்படி மறுபடி வரைந்தது. பதிலுக்குக் கலிபோர்னியா அந்த நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, 2030 வரை தன் ஆணையத்தின் நாடாளுமன்ற வரைபடத்தை ஒதுக்கிவைத்தது. பத்தாண்டுக்கு ஒருமுறைதான் வரையலாம் என்று நாடு முழுவதற்கும் சட்டம் இல்லாதவரை, ஒழுங்காக நடந்துகொள்ளும் மாநிலத்துக்கு அது நஷ்டமாகவே முடிகிறது. இது எனக்கு மிகுந்த கவலை தரும் விஷயம்.

#14 மீனா_கணக்கு

வரைபவர்களுக்கே திரும்பி அடிக்கும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் உதாரணத்தில் நீலம் மூன்று இடத்தில் 55. எல்லா இடத்திலும் 6 புள்ளி சரிந்தால் 49, மூன்றும் ஒரே நாளில் போய்விடும். இடங்களைக் கூட்ட வேண்டுமானால் வித்தியாசத்தை மெலிதாக்க வேண்டும், மெலிதானால் அலை வரும்போது மொத்தமும் கவிழும். பென்சில்வேனியாவில் 2002 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி வரைந்த வரைபடம் 12க்கு 7 என்று அவர்களுக்கே தந்தது. 2006இல் 8க்கு 11. 2008இல் 7க்கு 12, அப்படியே தலைகீழ். ஆனால் இதை நம்பி "தானாகச் சரியாகிவிடும்" என்று யாரும் எழுத வேண்டாம். அதற்குள் மூன்று தேர்தல் கடந்துவிடுகிறது. 2011க்குப் பிறகு வரைந்தவர்கள் துல்லியமான தரவு கையில் இருந்ததால் போதுமான இடைவெளி விட்டே வரைந்தார்கள்.

#15 குறிஞ்சி

வாசு சார், நம் ஊரில் மறுவரையறை பற்றிய பேச்சு எல்லாமே "எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம்" என்பதில்தான் போகிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

#16 வழக்கறிஞர்_வாசு

இல்லை அம்மா. மாநிலங்களுக்கு இடத்தைப் பங்கிடுவது ஒன்று, மாநிலத்துக்குள் எல்லை வரைவது இன்னொன்று. முதலாவதை 1976இல் அரசியல் சாசனத்தின் 42வது திருத்தம் 1971 கணக்கெடுப்பின்படி உறைய வைத்தது. 84வது திருத்தம் அதை 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. இரண்டாவதற்கு 2002 மறுவரையறைச் சட்டப்படி ஓர் ஆணையம்: உச்ச நீதிமன்ற நீதிபதி (ஓய்வுபெற்றவரும் இருக்கலாம்) தலைமை, தேர்தல் ஆணையத்திலிருந்து ஒருவர், மாநிலத் தேர்தல் ஆணையர். ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. உடன் உட்காரலாம், வாக்கு கிடையாது. சட்டமன்றம் வரையும் அமெரிக்க முறையை விட இது பல மடங்கு மேல்.

ஆனால் கண்காணிக்க வேண்டிய இடங்கள் உண்டு. எந்தத் தொகுதியைத் தனித்தொகுதி ஆக்குவது என்ற முடிவு அதில் ஒன்று. முஸ்லிம்கள் அதிகமாக உள்ள பல தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை, முஸ்லிம்களின் நிலையை ஆராய அரசு அமைத்த சச்சார் குழு 2006இல் சுட்டிக்காட்டியது. 2022இல் ஜம்மு காஷ்மீரில் ஜம்முவுக்கு 6 இடமும் காஷ்மீருக்கு 1 இடமும் கூட்டினார்கள், 2011 கணக்கில் ஜம்முவில் சுமார் 54 லட்சம் பேர், காஷ்மீரில் சுமார் 69 லட்சம் பேர். நிலப்பரப்பின் கடினத்தைக் காரணமாகச் சொன்னார்கள். அந்தக் காரணம் எத்தனை இடத்தை நியாயப்படுத்தும் என்று கேட்க அளவுகோல் எதுவும் சட்டத்தில் இல்லை. ஆணைகளை நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்று அரசியல் சாசனத்தின் 329வது பிரிவு சொல்கிறது. வெளிப்படையாகத் தன்னிச்சையாக இருந்தால் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சற்றே கதவைத் திறந்தது.

மலேசியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் நிலவன். 2013 தேர்தலில் காப்பார் தொகுதியில் 1,44,159 வாக்காளர், புத்ராஜெயாவில் 15,791. சுமார் 47 சதவீத வாக்கு வாங்கிய கூட்டணி 222இல் 133 இடம் பிடித்தது. அங்கே எல்லையை வளைப்பதை விடத் தொகுதியின் அளவை ஏற்றி இறக்குவதே பெரிய ஆயுதம்.

#17 நிலவன்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. வரைவு வெளியாகிக் கருத்துக் கேட்கும்போது சாதாரணக் குடிமகன் என்ன எழுதிக் கொடுத்தால் எடுபடும்?

#18 எல்லைக்கோடு

"இது அநியாயம்" என்ற மனு கோப்பில் தூங்கும். வரைபவர் கையில் எடுத்து உடனே திருத்தக்கூடிய மனுதான் எடுபடும். உங்கள் சமூகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரு, ஆறு, ரயில் பாதை பெயரோடு நான்கு பக்க எல்லையையும் எழுதுங்கள். ஏன் சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரே பள்ளி, ஒரே பாசனக் கால்வாய், ஒரே பேருந்துத் தடம் என்று கண்ணால் பார்க்கக்கூடிய காரணம் சொல்லுங்கள். கட்சிப் பெயர் வரவே கூடாது.

அடுத்தது பலர் விட்டுவிடுவது. உங்கள் பகுதியை இந்தப் பக்கம் சேர்த்தால் தலைக்கணக்கு கூடிவிடும், எனவே அதே அளவு மக்களை எங்கிருந்து வெளியே எடுக்கலாம் என்றும் நீங்களே சொல்ல வேண்டும். 12,000 பேரைச் சேர்க்கக் கேட்டால், வெளியே போகும் சுமார் 12,000 பேரின் பகுதியையும் அதே மனுவில் காட்டுங்கள், அந்தப் பகுதி மக்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டு. டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் போன்ற இலவசத் தளத்தில் அமெரிக்க மாநிலங்களுக்கு இதை வரைந்தே இணைக்கலாம். மற்ற நாடுகளில் வார்டுவாரியான மக்கள்தொகை அட்டவணை போதும். கெடு நாளுக்கு முன் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்குக்குப் போனால், முன்பே ஆட்சேபித்தோம் என்று காட்ட அந்தச் சீட்டு வேண்டும்.